கண்ட விண்மீனும் கணக்கு விண்மீனும்

மே மாதக் கடைசியில், இஷாத் தொழுகை முடிந்த கையோடு கல்முனைக் கடற்கரையில் கடலைப் பார்த்து நில்லுங்கள். வலக்கைப் பக்கம், நிந்தவூர், ஒலுவில் கரைகளுக்கு மேலே, தெற்கு வானத்தில் அதிக உயரமில்லாமல் இரண்டு வெள்ளிகள் அருகருகே தெரியும். இடப்பக்கம் உள்ளது கொஞ்சம் கூடுதல் பிரகாசம், இலேசான மஞ்சள் சாயல். அதுதான் அல்ஃபா சென்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் குடும்பம் அது. தூரம் 4.37 ஒளியாண்டு.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊரில் நின்று இதைப் பார்க்கவே முடியாது. அந்த வடக்கில் அது அடிவானத்துக்கு மேலே எழும்புவதே இல்லை. ஆனால் அதே கேம்பிரிட்ஜில் உள்ள ஃப்ரொண்டியர் நிறுவனம் 2014 டிசெம்பரில் வெளியிட்ட 'எலீட் டேஞ்சரஸ்' என்ற கணினி விளையாட்டில் ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு அல்ஃபா சென்டாரிக்கே போய்வரலாம். அந்த விளையாட்டுக்குள் நம் பால்வீதி முழுவதும் இருக்கிறது. கிட்டத்தட்ட 40,000 கோடி விண்மீன் குடும்பங்கள்.

இந்த எண்ணைக் கேட்டதும் பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இதெல்லாம் மெய்யாவே வானத்தில இருக்கா சேர்?" நல்ல கேள்வி. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் பாதிப் பதில்தான்.

அந்த 40,000 கோடியில் வானியல் பதிவேடுகளிலிருந்து எடுத்து வைத்தவை ஒன்றரை இலட்சத்துக்குச் சற்றுக் கூட. ஏறத்தாழ 25 இலட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கு. மற்றவை எல்லாம் கணினி ஒரு விதிப்படி தானே பிறப்பித்தவை. யாரும் தொலைநோக்கியில் பார்த்தவை அல்ல, யாரும் உட்கார்ந்து வரைந்தவையும் அல்ல. இவற்றைக் கணக்கு விண்மீன்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கு எப்படி விண்மீனைப் பிறப்பிக்கும்? இதற்கு இந்த விளையாட்டின் தாய் விளையாட்டைப் பார்ப்பது நல்லது. 1984 செப்டெம்பரில் டேவிட் பிராபன், இயன் பெல் என்ற இரண்டு இளைஞர்கள் பீ.பீ.சி மைக்ரோ கணினிக்காக 'எலீட்' என்ற விளையாட்டைச் செய்தார்கள். அந்தக் கணினியின் நினைவகம் 32 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு சாதாரணப் படம்கூட அதற்குள் அடங்காது. அதற்குள் அவர்கள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள், ஆக 2048 உலகங்களை வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், இடம், ஆட்சி முறை, வியாபாரம் எல்லாம் உண்டு.

வைத்தார்கள் என்பதைவிட, எதையும் வைக்கவில்லை என்பதே சரி. அவர்கள் வைத்தது மூன்று எண்கள் மட்டும்: 23114, 584, 46931. இவற்றைக் கூட்டுங்கள். 70629 வரும். அந்த விளையாட்டு ஓர் எண்ணுக்கு 16 பிட் இடம்தான் ஒதுக்கியது. ஆகையால் 65536 ஐத் தொட்டதும் அது கழிந்துபோகும். மீதி 5093. இப்போது முதல் எண்ணை விட்டுவிட்டு 584, 46931, 5093 ஆகியவற்றைக் கூட்டினால் 52608. மறுபடி 46931, 5093, 52608 ஆகியவற்றைக் கூட்டி 65536 ஐக் கழித்தால் 39096. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம். ஓர் உலகத்துக்கு நான்கு தடவை இந்தக் கூட்டல் நடக்கும். வந்த எண்களின் ஒரு துண்டு அந்த உலகத்தின் இடத்தைச் சொல்லும், இன்னொரு துண்டு ஆட்சியை, இன்னொன்று பெயரை. பெயருக்காக இரண்டு இரண்டு எழுத்துகளாக ஒரு சிறிய அட்டவணை இருந்தது. எந்தச் சோடியை எந்தச் சோடியோடு ஒட்டுவது என்பதை எண் முடிவு செய்யும். விளையாட்டு தொடங்கும் 'லாவே' என்ற உலகத்தின் பெயர்கூட அப்படி வந்து விழுந்ததுதான்.

காகிதமும் பேனையும் இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைச் செய்து பார்க்கலாம். செய்து பார்க்க வேண்டும் என்றும் சொல்வேன். ஏனென்றால் கையால் செய்யும்போதுதான் ஒன்று விளங்கும்: இதில் தற்செயல் என்று எதுவும் இல்லை. பார்ப்பதற்குத் தாறுமாறாகத் தெரியும் எண்கள் எல்லாம் முதல் மூன்று எண்களுக்குக் கட்டுப்பட்டவை. அதனால்தான் இலண்டனில் விளையாடியவருக்கும் கொழும்பில் விளையாடியவருக்கும் அதே 2048 உலகங்கள் அதே இடத்தில் தெரிந்தன. இதே முறையில் 2 இன் 48 ஆம் அடுக்கு அளவுக்கு விண்மீன் மண்டலங்களைத் தர அவர்களால் முடிந்திருக்கும். வெளியீட்டாளரான அகோர்ன்சொஃப்ட் வேண்டாம் என்றது. அவ்வளவு கொடுத்தால் எல்லாம் ஒரே வார்ப்பு என்பது விளையாடுகிறவர் கண்ணுக்குப் பட்டுவிடும். எட்டுப் போதும் என்று நிறுத்தியது நல்ல முடிவு.

முப்பது ஆண்டு கழித்து வந்த 'எலீட் டேஞ்சரஸ்' இதே கருத்தில் நின்றாலும் வெறும் எண் கூட்டலோடு நிற்கவில்லை. 'ஸ்டெல்லர் ஃபோர்ஜ்' என்று அதன் ஆக்கும் இயந்திரத்துக்குப் பெயர். பால்வீதியைப் பெரிய கனசதுரங்களாகப் பிரித்து, அவற்றை மேலும் சின்னக் கனசதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு திணிவு இருக்கும், அந்தத் திணிவிலிருந்து எத்தனை விண்மீன்கள், என்ன வயதில், என்ன வகையில் பிறக்கும் என்பதை வானியல் விதிகளின்படி அது போட்டுப் பார்க்கிறது. பதிவேட்டில் உள்ள விண்மீன்களை முதலில் அவற்றின் இடத்தில் வைத்துவிட்டு, இடைவெளிகளைக் கணக்கால் நிரப்புகிறது.

நிரப்பாமலே விட்டிருக்கலாமே, உண்மையான விண்மீன்கள் மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை மட்டும் வேண்டும் என்ற விருப்பம் நல்லதுதான். ஆனால் இந்த இடத்தில் அந்த விருப்பம் நம்மைப் பிழையான வானத்துக்குக் கொண்டுபோய் விடும்.

நம் பதிவேடுகள் எப்படி வந்தன என்று பாருங்கள். ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 1989 இல் அனுப்பிய ஹிப்பார்க்கஸ் செய்மதி 1993 வரை அளந்தது. 1997 இல் வெளியான அதன் பதிவேட்டில் 118,218 விண்மீன்கள். அவற்றை இடமாறு தோற்றத்தால் அளந்தார்கள். பூமி சூரியனைச் சுற்றும்போது அருகில் உள்ள விண்மீன் தூரத்து விண்மீன்களுக்கு முன்னே மிக மிக நுண்ணிய அளவில் இடம் மாறுவதுபோலத் தெரியும். அந்த மாற்றத்திலிருந்து தூரம் கிடைக்கும். அளக்க வேண்டுமானால் ஒளி போதுமான அளவு வர வேண்டும். ஆகவே பதிவேட்டுக்குள் நுழைய பிரகாசம்தான் அனுமதிச் சீட்டு. எரிந்து கொழுத்த இராட்சத விண்மீன்கள் ஆயிரம் ஒளியாண்டு தள்ளி இருந்தாலும் உள்ளே வந்துவிடும். பக்கத்து வீட்டுச் சிவப்புக் குறுமீன் வெளியே நிற்கும்.

ஆனால் வானத்தில் பெரும்பான்மை அந்தச் சிவப்புக் குறுமீன்கள்தாம். நான்கில் மூன்று பங்கு என்று சொல்லலாம். அவற்றில் ஒன்றைக்கூட வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. அல்ஃபா சென்டாரியின் மூன்றாவது உறுப்பினரான புரொக்ஸிமா, சூரியனுக்கு மிக அருகில் உள்ள தனி விண்மீன், அதுவும் கண்ணுக்குத் தெரியாது. நாம் கடற்கரையில் நின்று பார்க்கும் வானம், விண்மீன்களில் மிகப் பிரகாசமானவை மட்டும் கூடிய ஒரு சிறு கூட்டம். 1955 இல் எட்வின் சல்பீட்டர், விண்மீன்கள் பிறக்கும்போது எந்தத் திணிவில் எத்தனை பிறக்கும் என்பதற்கு ஒரு விதியைக் கண்டார். அதன்படி திணிவு இரண்டு மடங்கானால் எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறையும். இந்த விதியும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும்தான் இடைவெளியை எதனால் நிரப்ப வேண்டும் என்று சொல்கின்றன.

பதிவேட்டில் உள்ளவற்றை மட்டும் வைத்து ஒரு பால்வீதியைச் செய்தால், சூரியனைச் சுற்றி விண்மீன்கள் அடர்ந்து, தூரம் போகப் போக வெறிச்சோடிக் கிடக்கும். சூரியன் ஏதோ பால்வீதியின் நடுவில் உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றும். உள்ள ஒவ்வொரு விண்மீனும் உண்மை, மொத்தப் படம் பொய். கணக்கு விண்மீன்கள் சேர்ந்தால் தனித்தனி விண்மீன் கற்பனை, மொத்தப் படம் உண்மைக்கு அருகில். நான் இரண்டாவதன் பக்கம். ஆனால் ஒரு நிபந்தனையோடு: எது கண்டது, எது கணக்கு என்பது விளையாடுகிறவருக்குத் தெரிய வேண்டும்.

நம் பக்கத்தில் இதை விளக்குவது சுலபம். ஹதீஸ் படித்தவர்களுக்கு ஸனது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. செய்தி எவ்வளவு அழகாக, எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற தொடர் இல்லாமல் அதை ஏற்பதில்லை. விண்மீனுக்குப் பதிவேட்டு எண்தான் அந்தத் தொடர். எச்.டி., எச்.ஐ.பி., கிளீஸ, வுல்ஃப், ரொஸ் என்று தொடங்கும் பெயருக்குப் பின்னால் ஒரு தொலைநோக்கி இருக்கிறது, ஒரு நாள் இருக்கிறது, அளந்தவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் திரும்பப் போய் அளக்கலாம்.

'எலீட் டேஞ்சரஸ்' இந்த அடையாளத்தை அழிக்கவில்லை, பெயரிலேயே விட்டு வைத்திருக்கிறது. ஓர் உதாரணம்: 'கோர் சிஸ் செக்டர் எக்ஸ்யூ-பி ஏ5-0'. இதைத் துண்டு துண்டாகப் படிக்க வேண்டும். முன்பகுதி எந்தப் பெரும் பகுதி என்பதைச் சொல்கிறது. நடுவில் உள்ள எழுத்துகளும் 5 என்ற எண்ணும் அந்தப் பகுதிக்குள் எந்தச் சின்னக் கனசதுரம் என்பதை. 'ஏ' என்பது திணிவு வரிசை. 'ஏ' முதல் 'எச்' வரை எட்டுப் படிகள் உண்டு, 'ஏ' மிகச் சிறியது, அதற்குரிய கனசதுரம் பக்கத்துக்கு 10 ஒளியாண்டு. கடைசியில் உள்ள 0 அந்தக் கனசதுரத்துக்குள் அதன் வரிசை எண். பெயரே முகவரி, பெயரே பிறப்புச் சான்றிதழ். இப்படி ஒரு பெயரைக் கண்டால் அது கணக்கு விண்மீன் என்று கொள்ளலாம். ஒரே ஓர் எச்சரிக்கை. சில பெயர்களின் முன்பகுதியில் உண்மையான ஒரு விண்மீன் கூட்டத்தின் பெயர் வரும். 'கொல் 285 செக்டர்' என்று தொடங்கும் பெயர்கள் அப்படி. கொலிண்டர் 285 என்ற கூட்டம் உண்மை. பின்னால் எழுத்தும் எண்ணும் கோர்த்து வரும் விண்மீன் கணக்கு. முன்பகுதியைப் பார்த்து ஏமாறக் கூடாது.

மேலே உதாரணமாகச் சொன்ன பெயரை வேண்டுமென்றே எடுத்தேன். 2017 பெப்ரவரி 22 அன்று நாசா ஒரு செய்தியாளர் கூட்டத்தில், சுமார் 40 ஒளியாண்டு தூரத்தில் உள்ள டிராப்பிஸ்ட்-1 என்ற மங்கலான சிறு விண்மீனைப் பூமி அளவுள்ள ஏழு கோள்கள் சுற்றுகின்றன என்று அறிவித்தது. ஃப்ரொண்டியர் நிறுவனத்தார் தங்கள் பால்வீதியில் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தார்கள். டிராப்பிஸ்ட்-1 அவர்களிடம் இல்லை. ஆனால் ஏறக்குறைய அதே இடத்தில் 'கோர் சிஸ் செக்டர் எக்ஸ்யூ-பி ஏ5-0' இருந்தது. சின்னஞ்சிறு மங்கல் பொருள், அதைச் சுற்றி ஏழு பாறைக் கோள்கள். அடுத்த பதிப்பில் விவரங்களைத் திருத்தி, பெயரை மாற்றி, கணக்கு விண்மீனைக் கண்ட விண்மீனாக்கிவிட்டார்கள்.

கேட்கும்போது மெய்சிலிர்க்கும். சிலர் இதை முன்கூட்டிச் சொன்ன கணிப்பு என்றே எழுதினார்கள். அப்படியல்ல. சூரியனைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் ஒரு கன ஒளியாண்டுக்குச் சுமார் 0.004 விண்மீன் என்ற அடர்த்தி. பத்து ஒளியாண்டுப் பக்கமுள்ள கனசதுரத்தின் கொள்ளளவு 1000 கன ஒளியாண்டு. ஆகவே அதற்குள் சராசரி நான்கு விண்மீன்கள் இருக்கும், அவற்றில் மூன்றேனும் குறுமீன்களாக இருக்கும். எங்கே கைவைத்தாலும் ஒரு குறுமீன் அகப்படும் என்பது இயந்திரத்தின் விதி சரி என்பதற்கு அத்தாட்சி. கோள்கள் சரியாக ஏழு என்று வந்தது அதிர்ஷ்டம். இரண்டையும் சேர்த்துக் குழப்பக் கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: டிராப்பிஸ்ட்-1 விண்மீனை வானியலாளர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வேறு பெயரில் பதிவு செய்திருந்தார்கள். மங்கலாக இருந்ததால் விளையாட்டுக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

கண்ட விண்மீன் என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். பெட்டல்ஜூஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரியனின் தோளில் சிவந்து நிற்பதால் மாரி காலத்தில் மழை விட்ட இரவுகளில் சிறு பிள்ளையும் அடையாளம் காட்டும். 1997 இல் ஹிப்பார்க்கஸ் அதன் தூரத்தைச் சுமார் 430 ஒளியாண்டு என்றது. 2008 இல் வானொலி அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 640 என்று வந்தது. 2020 இல் வந்த ஓர் ஆய்வு 550 அளவில் வைத்தது. அதன் முகம் கொதித்துக் குமிழியிட்டுக்கொண்டே இருப்பதால் அதன் நடுவைப் பிடித்து அளப்பது கடினம். பின்னால் வந்த கையா செய்மதிக்கோ அது அளவு மீறிய பிரகாசம். கண் நிறையத் தெரிகிற ஒரு விண்மீனின் இடத்திலேயே நூறு ஒளியாண்டுக் கணக்கில் ஐயம் இருக்கும்போது, எந்த விளையாட்டும் அதை ஓர் இடத்தில் வைத்தாக வேண்டும். வைத்த இடம் அந்தக் காலத்துச் சிறந்த மதிப்பீடு. கோள்களின் நிலை இன்னும் கலப்பு. விண்மீன் பதிவேட்டிலிருந்து வந்திருக்கும், அதைச் சுற்றும் கோள்கள் கணக்கிலிருந்து வந்திருக்கும். ஒரே திரையில் இரண்டும்.

தானே கண்டதையும் முன்னோர் சொன்னதையும் பிரித்து வைக்கும் ஒழுக்கம் வானியலுக்குப் பழையது. 964 இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி நிலையான விண்மீன்கள் பற்றிய தம் நூலை எழுதினார். இடங்களுக்கு அவர் பழங்கால வானியலாளர் தொலமியின் பட்டியலை எடுத்து, இடையில் கழிந்த காலத்துக்காக எல்லா நெட்டாங்குகளோடும் 12 பாகை 42 கலையைக் கூட்டினார். அது கணக்கு. ஆனால் பிரகாசத்தை அவர் கடன் வாங்கவில்லை. ஒவ்வொரு விண்மீனாகத் தம் கண்ணால் பார்த்து மதிப்பிட்டு, தொலமியோடு எங்கே வேறுபடுகிறார் என்பதையும் எழுதி வைத்தார். அன்ட்ரோமெடாவில் ஒரு சிறு மேகம் தெரிகிறது என்று குறித்ததும் அவர்தான். அது இன்னொரு விண்மீன் மண்டலம் என்பது தெரிய இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. 1437 இல் சமர்கந்தில் உலுக் பேக் கணக்கை நம்பி இருக்காமல், ஆயிரத்துச் சொச்சம் விண்மீன்களில் பெரும்பாலானவற்றின் இடங்களைப் புதிதாக அளந்தார். அல்டெபரான், ரைஜெல், ஃபொமல்ஹோட் என்று விளையாட்டின் வரைபடத்தில் பிள்ளைகள் தட்டுகிற பெயர்கள் பல அந்த அறபு மரபு வழியே வந்தவை.

எல்லா விளையாட்டும் இந்த அக்கறையோடு இருப்பதில்லை. 2016 இல் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' 2 இன் 64 ஆம் அடுக்கு எண்ணிக்கையில் கோள்களைத் தருகிறது. அதில் ஒன்றுகூட உண்மையானதல்ல, உண்மை என்று அவர்கள் சொல்லவும் இல்லை. ரஷ்யரான விளாதிமிர் ரொமான்யுக் ஆக்கிய 'ஸ்பேஸ்எஞ்சின்' நான் மிகவும் மதிக்கும் ஒன்று. அதில் கணக்கு விண்மீன் ஒவ்வொன்றும் 'ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளோடு தொடங்கும். இரண்டே எழுத்து. ஐயத்துக்கு இடமில்லை. இவை எல்லாம் நல்ல கணினி கேட்கும். கையில் உள்ள சாதாரணத் தொலைபேசிக்கு ஸ்டெல்லேரியம் போதும், அது காட்டும் வானம் பதிவேட்டு வானம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் நம் பாடசாலைப் பிள்ளைகளும் முதலில் அதைத் தொலைபேசியில் இறக்கிக்கொள்ளட்டும்.

நம் நாடு பெயரிட்ட விண்மீன் ஒன்றும் பதிவேட்டில் உண்டு. 2019 இல் சர்வதேச வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டை முன்னிட்டு நாட்டுக்கு ஒரு விண்மீனையும் அதன் கோளையும் பெயரிடக் கொடுத்தது. இலங்கைக்குக் கிடைத்தது எச்.டி. 205739. விண்மீனுக்குச் 'சாமய' என்றும் கோளுக்குச் 'சமகிய' என்றும் பெயர். சமாதானமும் ஒற்றுமையும். அந்த ஆண்டு ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களை அடுத்து சாய்ந்தமருதும் இந்தக் கரை முழுவதும் பட்டதை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர்கள் வெறும் பெயர்களாகப் படாது.

சாமய தென்மீன் கூட்டத்தில் இருக்கிறது. தூரம் சுமார் 300 ஒளியாண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நல்ல பைனாகுலருக்கு எட்டும். செப்டெம்பர், ஒக்டோபர் இரவுகளில் தெற்கே பார்த்தால் ஏறத்தாழ வெறிச்சென்ற வானத்தில் தனியாக ஃபொமல்ஹோட் நிற்கும். சாமய அதற்கு மேற்கே, அதே கூட்டத்தின் எல்லைக்குள். அதைச் சுற்றும் சமகியவை 2008 இல் கண்டுபிடித்தார்கள். வியாழனை விடச் சற்றுப் பாரமானது, ஒரு சுற்றுக்கு 280 நாள். கோளை யாரும் நேரில் பார்க்கவில்லை. அது இழுக்கும் இழுவையில் விண்மீன் முன்னும் பின்னும் அசைவதை அதன் ஒளியில் அளந்து, அங்கே ஒரு கோள் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். இதுவும் கணக்குத்தான். ஆனால் அளந்த ஒளி மேல் நிற்கும் கணக்கு. விளையாட்டிலோ செயலியிலோ எச்.டி. 205739 என்ற எண்ணைத் தேடிப் போகிறவர்கள், அங்கே எத்தனை கோள்கள் காட்டப்படுகின்றன, அவற்றில் சமகிய எது, மற்றவை எங்கிருந்து வந்தன என்று ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்க்கட்டும்.

இந்தப் பிரிப்பு வருங்காலத்தில் இன்னும் சிக்கலாகும். 2013 டிசெம்பரில் ஏவப்பட்ட கையா 2025 ஜனவரி வரை வானத்தை அளந்தது. 2022 இல் வந்த அதன் மூன்றாவது தொகுதியில் ஏறக்குறைய 180 கோடிப் பொருள்கள் உள்ளன. ஹிப்பார்க்கஸ் காலத்துப் பதிவேட்டை நம்பி இடைவெளிகளை நிரப்பிய விளையாட்டுகளில், கணக்கு விண்மீன் இருக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் இப்போது கோடிக்கணக்கான உண்மை விண்மீன்கள் வந்து நிற்கின்றன. டிராப்பிஸ்ட்-1 க்குச் செய்ததுபோல ஒவ்வொன்றையும் திருத்த முடியாது. விளையாடியவர்கள் தாங்கள் முதலில் போய்ச் சேர்ந்த கணக்கு விண்மீன்களில் தங்கள் பெயரைப் பதித்திருக்கிறார்கள், அதை அழித்தால் கொந்தளிப்பார்கள். பழைய பால்வீதியை அப்படியே விட்டு, புதிய விளையாட்டுகளைக் கையாவின் மேல் கட்டுவதே சரி என்று நினைக்கிறேன். கையாவின் நான்காவது தொகுதி 2026 டிசெம்பரில் வரவிருக்கிறது. ஆயிரக்கணக்கான புதிய கோள்களுக்கான தடயங்கள் அதில் இருக்கும் என்று வானியலாளர் எதிர்பார்க்கிறார்கள்.